பாரிமுனையில் கடைப் பெயரைக் கேட்காதீர்கள்

செங்கல்பட்டில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு எதிரே எங்களுக்குச் சின்னதாக ஒரு ஃபேன்ஸி ஸ்டோர் இருக்கிறது. வளையல், கிளிப், ரிப்பன், நோட்டு, பேனா, பிறந்தநாள் சாமான், இவ்வளவுதான் சரக்கு. மாதத்துக்கு ஒரு தடவை, ஸ்கூல் திறக்கும் நேரத்தில் இரண்டு தடவை, சென்னையில் மொத்தக் கடைகள் குவிந்திருக்கும் பாரிமுனைக்குப் போய் எடுத்து வருவேன். 2013-ல் தொடங்கியது. புதிதாகக் கடை போடுகிறவர்கள், கல்யாணத்துக்குச் சாமான் வாங்கப் போகிறவர்கள் என்று நிறையப் பேர் அந்த இடத்தை நினைத்தாலே பயப்படுகிறார்கள். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. அதனால் எனக்கு நடந்ததை எழுதுகிறேன்.

கடையை ஆரம்பித்தவர் என் மாமியார். அவர் காலத்தில் செங்கல்பட்டிலிருந்து பஸ் ஏறினால் நேராகப் பாரிஸில், அதாவது பாரிமுனையில், இறங்கலாமாம். 2002-ல் வெளியூர் பஸ்ஸெல்லாம் கோயம்பேட்டுக்குப் போனதும் அவர் ரயிலுக்கு மாறிவிட்டார். 2013-ல் அவருக்கு முழங்கால் வலி அதிகமாகி, "இனிமே நீதாம்மா போகணும்" என்று ஒரு துண்டுச் சீட்டில் நாலு கடைப் பெயரை எழுதிக் கையில் கொடுத்தார்.

எங்கள் பக்கத்து மின்சார ரயில்களில் பெரும்பாலானவற்றுக்குக் கடற்கரை நிலையம்தான் கடைசி. இறங்கி, ராஜாஜி சாலைக்கு அடியில் போகும் சுரங்கப்பாதையில் ஏறி வந்தால் பர்மா பஜார். அந்தக் கடை வரிசையை ஒட்டியே தெற்கே நடந்தால் முனை வந்துவிடும். அதுவரை சரியாகத்தான் போனேன். முனையில் என்.எஸ்.சி. போஸ் சாலையைப் பார்த்ததும் கால் நின்றுவிட்டது. பஸ், ஆட்டோ, கைவண்டி, தலைச்சுமை, கறுப்புக் கோட்டு போட்ட வக்கீல்கள், எல்லாம் ஒரே சாலையில். சீட்டை நீட்டி முதல் கடையின் பெயரைக் கேட்டேன். ஒருவர் வலது பக்கம் கை காட்டினார், இன்னொருவர் நேராகப் போகச் சொன்னார். மூன்றாமவர், "அந்தப் பேர்ல இங்க மூணு கடை இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஒன்றரை மணி நேரம் அதே இரண்டு தெருவைச் சுற்றினேன்.

பூக்கடைப் பக்கம் ஒரு பாட்டி சாமந்தியை முழம் போட்டு விற்றுக்கொண்டிருந்தார். நான் மூன்றாவது தடவை கடந்து போனதைப் பார்த்துவிட்டு அவராகவே கூப்பிட்டார். சீட்டைக் காட்டினேன். வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

"கட பேரு எதுக்குமா? இன்னா சாமான் வோணும், அத்தச் சொல்லு."

வளையல், கிளிப் என்றேன். எந்தத் தெரு, எத்தனையாவது திருப்பம் என்று ஒரே மூச்சில் சொன்னார். பத்து நிமிடத்தில் போய்ச் சேர்ந்தேன்.

அன்றைக்குப் பிடித்துக்கொண்டதுதான். இன்று வரை நான் பாரிமுனையில் யாரிடமும் கடைப் பெயர் சொல்லி வழி கேட்பதில்லை. அங்கே தெருக்களைப் பிரித்து வைத்திருப்பதே சரக்குதான். துணி என்றால் கோடவுன் தெரு. பேப்பர், கல்யாணப் பத்திரிகை என்றால் ஆண்டர்சன் தெரு. கெமிக்கல், வாசனைச் சாமான் என்றால் நைனியப்ப நாயக்கன் தெரு. கண்ணாடிக்குத் தேவராஜ முதலி தெரு. எனக்கு வேண்டிய வளையலும் கிளிப்பும் இன்னும் உள்ளே, சௌகார்பேட்டைப் பக்கம் நாராயண முதலி தெருவில். ஸ்டேஷனரியைப் பந்தர் தெருவில் பார்ப்பேன். தெருவுக்குள் போய்விட்டால் நீங்கள் தேடிய கடை இல்லாவிட்டாலும் அதே சரக்கோடு நாற்பது கடை இருக்கும். விலையை நாலு இடத்தில் கேட்டுப் பார்க்கவும் அதுதான் வசதி.

பலகையில் இருக்கிற பெயரும் வாயில் வருகிற பெயரும் வேறாக இருக்கும், அதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பிரகாசம் சாலையை எல்லோரும் பிராட்வே என்பார்கள். ஆர்மீனியன் தெரு அரண்மனைக்காரன் தெரு ஆகிவிட்டது. அங்கே அரண்மனை ஒன்றும் இல்லை. 1772-ல் கட்டிய ஆர்மீனியர் தேவாலயம்தான் இருக்கிறது. ஆர்மீனியக்காரன் என்பது நம் வாயில் அப்படி மாறியிருக்கிறது. எனக்கு அந்தப் பெயர் ரொம்பப் பிடிக்கும்.

திசை குழம்பினால் உயர் நீதிமன்றச் சுவரைத் தேடுங்கள். முனையிலிருந்து மேற்கே நடக்கும்போது நீதிமன்றம் இடது கைப் பக்கம், வியாபாரத் தெருக்கள் எல்லாம் வலது கைப் பக்கம். இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பழைய ஊர் இப்போது நீதிமன்றம் நிற்கிற இடத்தில்தான் இருந்தது. பிரெஞ்சுக்காரர்களோடு நடந்த சண்டைக்குப் பிறகு, செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குப் பக்கத்தில் வீடுகள் இருந்தால் எதிரி மறைந்து சுட வசதி என்று ஆங்கிலேயர்கள் அதை இடித்துத் திடலாக்கிவிட்டார்கள். இதற்கு மேல் யாரும் கட்டக்கூடாது என்று 1773-ல் ஆறு எல்லைத் தூண்களை நட்டார்கள். அதில் ஒன்று பாரி கம்பெனியின் டேர் ஹவுஸ் கட்டடத்தில் இன்னும் நிற்கிறது. சென்னகேசவப் பெருமாள் கோயிலும் அந்தப் பழைய ஊரில் இருந்து, இடிபட்டு, பிறகு பூக்கடைப் பக்கம் எழும்பியதுதான். நம்மைப் போல இடம் மாறி வந்த கோயில் என்று மாமியார் சொல்வார். அந்த வழியாகப் போனால் உள்ளே போகாமல் நான் வருவதில்லை.

ஒரு மே மாதம் பையனையும் கூட்டிப்போனேன். ஆறாம் வகுப்பு முடித்திருந்தான். அவன் தாத்தாவை வீட்டில் எல்லோரும் "சரியான எம்டன்" என்பார்கள். நீதிமன்றச் சுவரில் இருக்கிற கல்லைக் காட்டினேன். 1914 செப்டம்பர் 22 ராத்திரி எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் சென்னை மேல் குண்டு போட்டதற்கான கல். ஒரு கப்பலின் பெயரா நம் வீட்டில் புழங்குகிறது என்று அவனுக்கு ஆச்சரியம். மூட்டையைக்கூட முணுமுணுக்காமல் தூக்கி வந்தான்.

அன்றைக்குச் சாயங்காலம் பர்மா பஜார் பக்கம் அத்தோ வாங்கிக் கொடுத்தேன். பர்மாவிலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த நம் ஆட்களுக்காக 1960-களின் கடைசியில் உருவான பஜார் அது. அவர்கள் கொண்டுவந்த சாப்பாடு அங்கேயே தங்கிவிட்டது. நூடுல்ஸோடு முட்டைக்கோஸ், வறுத்த வெங்காயம், புளித்தண்ணீர் எல்லாம் போட்டுக் கையாலேயே பிசைந்து கொடுப்பார்கள். கூடவே வாழைத்தண்டு போட்ட சூப். நாள் முழுக்க அலைந்த உடம்புக்கு அந்தச் சூடு அப்படி இதமாக இருக்கும். மத்தியானம் தேடாதீர்கள், பொழுது சாய்ந்தால்தான் வண்டி போடுவார்கள்.

போக்குவரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கை வீசிப் போகிற நாளில் நான் கிண்டியில் இறங்கி மெட்ரோ பிடித்து உயர் நீதிமன்றம் நிலையத்தில் ஏறி வருவேன். 2019 பிப்ரவரியிலிருந்து அந்த வசதி. நிலையத்தில் கழிப்பறை இருக்கிறது, பெண்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று போனவர்களுக்குத்தான் தெரியும். சுமையோடு திரும்பும்போது கடற்கரை நிலையம்தான், ரயில் அங்கிருந்தே கிளம்புவதால் உட்கார இடம் கிடைக்கும். மயிலாப்பூர், திருவான்மியூர் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்குப் பறக்கும் ரயில் இருக்கிறது. நாலாவது ரயில் பாதை போடும் வேலைக்காகச் சிந்தாதிரிப்பேட்டையோடு நிறுத்தி வைத்திருந்தார்கள், 2024 அக்டோபர் கடைசியிலிருந்து மறுபடி கடற்கரை வரை வருகிறது. சொந்த வண்டி வேண்டவே வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மொத்தக் கடைகள் பெரும்பாலும் பூட்டியிருக்கும். நான் பதினொரு மணிக்குள் முதல் கடையில் நிற்கிற மாதிரி கிளம்புவேன்.

இனி சுமை. உண்மையில் கஷ்டமே இங்கேதான். முதல் வருடம் பெரிய மூட்டைகளை ஒரு பார்சல் ஆபீசில் போட்டேன். நாலு மூட்டை போட்டதில் மூன்றுதான் வந்து சேர்ந்தது. எல்.ஆர். என்கிற லாரி ரசீதில் மூட்டை எண்ணிக்கையை அவர்கள் எழுதவே இல்லை, நானும் பார்க்கவில்லை. இரண்டு தடவை நேரில் போய்ச் சண்டை போட்டும் பிரயோஜனமில்லை. அந்தத் தீபாவளிக்கு வாங்கிய வளையல் பாதி அந்த மூட்டையில்தான் இருந்தது.

அடுத்த மாதம் ஒரு மீன்பாடி வண்டிக்காரரைப் பிடித்தேன், மூன்று சக்கரச் சரக்கு வண்டி அது. பிராட்வே பக்கம் ஒரு டீக்கடை ஓரம் நிற்பார். ஐம்பது வயசிருக்கும். மூட்டையை ஏற்றுவதற்கு முன்னால் கேட்டார், "எண்ணிட்டியாம்மா?" போன மாதம் நடந்ததைச் சொன்னேன். பேசாமல் சட்டைப் பையிலிருந்து ஒரு மார்க்கர் பேனாவை எடுத்து ஒவ்வொரு சாக்கிலும் எழுதினார். நாலில் ஒன்று, நாலில் இரண்டு, நாலில் மூன்று. பக்கத்தில் என் ஊர்ப் பெயர். "இப்ப ஒண்ணு காணோம்னா எதுன்னு நீயே சொல்லலாம்" என்றார். பார்சல் ஆபீஸ் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, ரசீதில் நாலு மூட்டை என்று எழுதி வாங்கும்வரை கூடவே நின்றார். அதற்குப் பிறகு எனக்கு ஒரு மூட்டைகூடத் தவறியதில்லை. மழைக்காலத்தில் அவர் தலைக்குப் போட்டிருந்த பிளாஸ்டிக் தாளைக் கழற்றி என் நோட்டுக் கட்டுமேல் போர்த்தியிருக்கிறார். நோட்டு நனைந்தால் போச்சு, தலை காய்ந்துவிடும் என்பார்.

ஆறேழு வருடம் அவர் வண்டியில்தான் என் சரக்கு போனது. அப்புறம் கொரோனா வந்தது. 2020 நவம்பர் கடைசியில், கூட்டம் இல்லாத நேரத்தில் பெண்கள் மின்சார ரயிலில் போகலாம் என்று விட்டார்கள். டிசம்பர் முதல் வாரமே கிளம்பிப் போனேன். டீக்கடை திறந்திருந்தது. வண்டி இல்லை. டீக்கடைக்காரர் புதியவர், அவருக்குத் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற வண்டிக்காரர்களிடம் போய்க் கேட்கலாம் என்றால், எனக்கு அவர் பெயரே தெரியாது. இத்தனை வருடமும் "அண்ணே" என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். தொண்டை அடைத்துக்கொண்டது.

நான் திணறுவதைப் பார்த்து ஒருவர் கேட்டார், "இன்னா சரக்குமா ஏத்துவாரு?"

"வளையல், நோட்டு. சாக்குல நம்பர் எழுதுவாரு."

"ஓ, நம்பர்காரரா! ஊருக்குப் போயிட்டாரு, செய்யாறு பக்கம். நல்லாத்தான் இருக்காரு. பொங்கல் கழிச்சு வர்றேன்னாரு."

பிப்ரவரியில் போனபோது அதே டீக்கடை ஓரம் நின்றிருந்தார். கொஞ்சம் மெலிந்திருந்தார். முகக்கவசத்தைக் கீழே இறக்கிவிட்டு, "எண்ணிட்டியாம்மா?" என்றார். எண்ணவில்லை என்றேன். மார்க்கரை எடுத்தார். அவர் எழுதிக்கொண்டிருக்கும்போதே பெயரைக் கேட்டேன். தலை நிமிராமல் சொன்னார், நான் சரக்கு நோட்டின் முதல் பக்கத்தில் குறித்து வைத்துக்கொண்டேன்.