புதுப்பிப்பு: நடு ஸ்டாண்ட் ஒருவழியாகக் கழன்றது

போன மாதம் புலம்பியிருந்தேன்: பழைய ஹொண்டா சிடி 200 மோட்டார் சைக்கிள் நடு ஸ்டாண்டில் ஒரு பக்கம் சாய்கிறது, பின் டயர் நிலத்தை விட்டு எழும்பவில்லை, பள்ளத்தில் விழுந்தால் 'டங்' என்கிறது. ஸ்பிரிங்கை மாற்றச் சொன்னீர்கள். பாவம், ஸ்பிரிங் குற்றவாளியே இல்லை.

கழற்றியதுதான் பெரும்பாடு. ஸ்டாண்ட் சுழலும் அச்சுக் கம்பி, அதாவது 'பின்' (pin), கொழும்பு வெள்ளவத்தைக் கடற்காற்றில் துருப்பிடித்து ஸ்டாண்டோடு ஒன்றாகிவிட்டது. இரண்டு இரவு டீசல் ஊற்றி ஊறவிட்டு, மரக்கட்டை வைத்துத் தட்டியபின்தான் அசைந்தது. ஸ்பிரிங்குக்கு ஒரு வித்தை இருக்கிறது. அது இழுபட்டு நிற்கும்போது சுருள்களுக்கிடையில் ரூபாய்க் குற்றிகளைச் செருகினேன். ஸ்டாண்டைத் திருப்பியதும் ஸ்பிரிங் நீண்டபடியே நிற்க, கையாலேயே எடுத்துவிட்டேன். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், தெறித்தால் கதை வேறு.

அந்தப் பின்னில் நகத்தை ஓட்டினால் படி தட்டுகிறது, அவ்வளவு தேய்மானம். அது நுழையும் ஓட்டை வட்டமாகவே இல்லை, முட்டை மாதிரி. பஞ்சிகாவத்தைக்குப் பக்கத்தில் லேத் (கடைசல் இயந்திரம்) வைத்திருக்கும் ஐயா பார்த்துவிட்டு, "தம்பி, இது கிறீஸைக் கண்டு எத்தனை வருசம்?" என்றார். நான் வாயே திறக்கவில்லை. ஓட்டையைச் சீராக்கி, உள்ளே புஷ் (உலோக உறை) இறுக்கி, புதுப் பின் கடைந்து தந்தார். தேய்ந்த கால்களுக்கு அடியில் இரும்புத் தகடும் வெல்ட் செய்தாயிற்று. வண்டியில் பூட்டியபடி வெல்டிங் வேண்டாம், பற்றரிக்கும் வயரிங்குக்கும் நல்லதல்ல.

இப்போது நேராக நிற்கிறது, பின் சக்கரமும் சுற்றுகிறது. ஸ்டாண்டை மடக்கும்போது முட்டி நிற்கும் ஸ்டொப்பர் ரப்பர் மட்டும் கிடைக்கவில்லை. அதுவரை பழைய டயர்த் துண்டுதான்.