கிர்ஷ்னரின் போர்வீரனைப் பார்த்துக் கீறியது

ஓ.எல். சித்திரப் பாடத்தோடு தூரிகையை விட்டவள் நான். வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கைக்குள் ஓய்வுபெற்ற சித்திர ஆசிரியர் ஒருவர் பின்னேரங்களில் படிப்பிக்கிறார் என்று கேள்விப்பட்டுத்தான் திரும்பவும் தொடங்கினேன். பழம், பூச்சாடி ஒன்றும் இல்லை. “பிடிச்ச படம் ஒண்டைக் கொண்டுவாரும், அதைப் பார்த்தே கீறுவம்” என்றார் சேர்.

நான் கொண்டுபோனது ஜெர்மன் ஓவியர் எர்ன்ஸ்ட் லுட்விக் கிர்ஷ்னர் 1915இல் வரைந்த, போர்வீரனாகத் தன்னையே காட்டும் படம். நீலச் சீருடை, வாயில் சிகரெட், பின்னால் ஆடையில்லாத ஒரு பெண். தூக்கிய வலது கை மணிக்கட்டோடு முடிந்துவிடுகிறது. உண்மையில் அவருக்குக் கை போகவில்லை. முதலாம் உலகப் போரில் படையில் சேர்ந்து, மனம் உடைந்து விடுவிக்கப்பட்டவர். இனிமேல் வரைய முடியாமல் போய்விடுமோ என்ற பயத்தைத்தான் அப்படிக் காட்டினார் என்று பலரும் சொல்வார்கள். 1937இல் நாஜிகள் ‘சீரழிந்த கலை’ என்று ஏளனம் செய்யக் காட்சிக்கு வைத்த படங்களில் இதுவும் ஒன்று.

முகத்தில்தான் நான் அதிகம் பழகினேன். மஞ்சள் முகம் என்றால் நிழலுக்கு என்ன போடுவது? “கறுப்புக் கலக்காதேயும், பாசி நிறம்தான் வரும்” என்றார் சேர். போனில் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிக் காட்டினார். அப்போதுதான் புரிந்தது: நிறம் எவ்வளவு துணிச்சலாக இருந்தாலும், எது வெளிச்சம் எது இருட்டு என்ற கணக்கு பிசகவே இல்லை. அந்தக் கணக்குச் சரியென்றால் கன்னத்துக்கு எந்த நிறமும் போடலாம். நான் பாவித்த அக்ரிலிக் வர்ணமோ ஃபேனுக்குக் கீழே மளமளவென்று காய்ந்துவிடும், காய்ந்தால் ஒரு படி கருமையாகும். அதனால் குழைத்துத் தேய்க்காமல் தீற்றலுக்குப் பக்கத்தில் தீற்றலாக வைத்துப் பழகினேன். இந்தப் படத்துக்கு அதுதான் பொருத்தமும்கூட.

அந்த நாட்களில் கிளிநொச்சியிலிருந்து மாமா கிளினிக்குக்கு வந்து எங்களோடு நின்றார். படத்தைக் கனநேரம் பார்த்துவிட்டு, “இவருக்கு எந்தச் சண்டையில கை போனது?” என்று கேட்டார். போகவில்லை என்று கதையைச் சொன்னேன். “சரி. ஆனா போன ஆளின்ர முகம்தான் இது” என்றார். நான் அதுவரை கையிலேயே குறியாக இருந்தேன். மாமா சொன்ன பிறகு கண்மணி இல்லாத அந்தக் கண்களுக்குத் திரும்பிப் போய், அவற்றைச் சுற்றியிருந்த கோடுகளையெல்லாம் புதிதாகப் போட்டேன். படம் மாறியது அங்கேதான்.

பார்த்துக் கீறுகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். அச்சில் தூரிகைத் தடம் தெரியாது. அசல் ஒன்றையாவது கிட்ட நின்று பாருங்கள். கொழும்பு பார்ன்ஸ் பிளேஸில் ஓவியர் ஹரி பீரிஸின் வீட்டில் இருக்கும் சபுமல் பவுண்டேஷன் என்ற கலைக்கூடத்துக்குப் போங்கள். 1943இல் கொழும்பில் தொடங்கிய, 43 குழு என்ற நவீன ஓவியர் குழுவின் படங்கள் அங்கே இருக்கின்றன. அந்தக் குழுவைச் சேர்ந்த ஜஸ்டின் தரணியகலவின் உருவங்களுக்கு முன்னால் நான் நின்ற நேரம் எந்த வகுப்பிலும் கிடைக்காதது.

இனிப் பார்த்துக் கீற அல்ல, ஆளை இருத்திக் கீறப் போகிறேன். மாமா சம்மதித்துவிட்டார். அடுத்த கிளினிக்குக்கு வரும்போது என்ன நிறச் சேர்ட் போட்டுவர என்று கேட்டிருக்கிறார்.