சேர்விஸ் செய்த பிறகு பைக் ஓடி ஓடி நிற்கிறது, அவசரம்

சாம்பல்தீவான்:
வீட்டிலேயே பைக்கை சேர்விஸ் செய்தேன். அதற்கு முதல் நன்றாகத்தான் ஓடியது. இப்போது ஸ்ராட் ஆகிறது, கொஞ்சத் தூரம் ஓடுகிறது, பிறகு இழுக்காமல் விக்கி விக்கி நின்றுவிடுகிறது. கொஞ்ச நேரம் விட்டால் திரும்ப ஸ்ராட் ஆகும். நாளைக் காலை வேலைக்குப் போக வேண்டும். தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

ஸ்கூட்டி அக்கா:
எந்த பைக், எத்தனையாம் ஆண்டு? சேர்விஸ் என்றால் என்னென்ன செய்தீர்கள்? கொஞ்சத் தூரம் என்றால் வீட்டுப் படலை வரைக்குமா, டவுன் வரைக்குமா?

மட்டிக்களி மைனர்:
பெற்றோலில் தண்ணீர். வேறொன்றும் இல்லை. இந்த மாரி மழையில் என்னுடையதும் இரண்டு தரம் இப்படித்தான் நின்றது. ஒரு கண்ணாடிப் போத்தலில் கொஞ்சம் எடுத்து ஆட்டாமல் வைத்துப் பாருங்கள். தண்ணீர் பெற்றோலை விடப் பாரம், அடியில் போய் முத்து முத்தாக நிற்கும்.

பழைய ஸ்பானர்:
"சேர்விஸ் செய்தேன், நிற்கிறது." வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு என்ன சாப்பிட்டேன் என்பதை மறைக்கிற நோயாளி மாதிரி. தம்பி, 31 வருடமாக இந்த வேலை பார்க்கிறேன். போனில் வீடியோ பார்த்துவிட்டு ஸ்பானரைத் தூக்குகிறவர்கள் எல்லாரும் கடைசியில் தள்ளிக்கொண்டு வருவது கராஜுக்குத்தான். ஒயிலைக் கூட ஊற்றியிருப்பீர்கள். கூடினது எஞ்சின் காற்றை வெளியே விடுகிற பிரீதர் குழாயால் ஏறி எயார் பில்டரை நனைக்கும், எஞ்சினுக்கு மூச்சு முட்டும். அளவு பார்த்தீர்களா?

சாம்பல்தீவான்:
மன்னிக்கவும், அவசரத்தில் எழுதினேன். பல்சர் 150, 2014 மொடல். ஒயில் மாற்றினேன், 20டபிள்யூ50. அளவு கண்ணாடியில் இரண்டு கோட்டுக்கும் நடுவில் நிற்கிறது. ஸ்பார்க் பிளக் புதுசு போட்டேன். எயார் பில்டர் கழுவிக் காயவைத்துப் பூட்டினேன். செயின் துப்புரவாக்கி ஒயில் விட்டேன். முதல் நாள் உப்புவெளி யுத்த மயானத்துக்குக் கிட்ட நின்றது.

ஸ்கூட்டி அக்கா:
பிளக் எத்தனை மாற்றினீர்கள்?

சாம்பல்தீவான்:
ஒன்றுதானே இருக்கிறது?

ஸ்கூட்டி அக்கா:
இல்லை தம்பி, அது இரட்டைப் பிளக் எஞ்சின். ஒரு பக்கம் கண்ணுக்குத் தெரியும், மற்றது மறுபக்கம் ஒளித்துக்கொண்டிருக்கும். சோடியாகத்தான் மாற்ற வேண்டும்.

பழைய ஸ்பானர்:
இதற்குத்தான் சொன்னேன்.

பாலையூற்றுப் பெடியன்:
ஸ்பானர் அண்ணா, இது பிழை. மாற்றாத பிளக் போன கிழமையும் அதே இடத்தில்தான் இருந்தது, அப்போது பைக் ஓடியதே! அதைப் பிறகு மாற்றட்டும், நிற்கிறதுக்கு அது காரணமாக முடியாது. சேர்விஸில் எது மாறியதோ அதைத்தான் தேட வேண்டும்.
அது கிடக்க, செயினுக்கு என்ன ஒயில் விட்டீர்கள்?

சாம்பல்தீவான்:
எஞ்சினில் இருந்து கழற்றின பழைய ஒயில்தான். ஏன்?

பாலையூற்றுப் பெடியன்:
ஐயோ! திருகோணமலையில் இருந்துகொண்டு செயினுக்கு வேஸ்ட் ஒயிலா? அதற்குள் தேய்ந்த இரும்புத்தூள் கிடக்கும். கடற்கரை மணல் வேறு வந்து அப்பிக்கொள்ளும். செயினும் பல்லுச் சக்கரமும் அரைபட்டுப் போகும். 90 கியர் ஒயில் விட்டு, மிச்சத்தைத் துணியால் துடைக்க வேண்டும்.

பழைய ஸ்பானர்:
நீங்கள் பிறக்க முதலே இந்த ஊரில் செயினுக்கு வேஸ்ட் ஒயில்தான். உப்புக்காற்றில் துருப்பிடிக்காமல் காப்பாற்றினது அதுதான்.

பாலையூற்றுப் பெடியன்:
துருப்பிடிக்காது, ஒத்துக்கொள்கிறேன். தேயும். இரண்டும் வேறு வேறு.

கனடாவில் ஒரு திருமலையான்:
வணக்கம் ஊரவர்களே. சூடானதும் நின்று, ஆறினதும் ஓடுகிறது என்றால் பிளக்குக்குக் கரண்ட் கொடுக்கிற கொயில். அல்லது வால்வு இடைவெளி குறைந்துபோய், சூட்டில் வால்வு சரியாக மூடாமல் அமுக்கம் போகிறது. இங்கே என் பைக்கில் பெற்றோலையும் காற்றையும் கலக்கிற இந்த காபரேற்றர் தொல்லையே இல்லை, எல்லாம் இன்ஜெக்‌ஷன். நல்ல கொம்பனிக் கராஜில் கொடுங்கள்.

மட்டிக்களி மைனர்:
காபரேற்றர் இருக்கிறபடியால்தான் நாங்கள் வீட்டு முற்றத்திலேயே கழற்றுகிறோம். உங்களுடையதைக் கழற்றிப் பாருங்கள் பார்ப்போம்.

ஸ்கூட்டி அக்கா:
கொயிலா பெற்றோலா என்று சண்டை பிடிக்கத் தேவையில்லை. நின்றவுடனே, ஆறவிடாமல், காபரேற்றர் கோப்பைக்கு அடியில் இருக்கிற சின்ன வடி ஸ்க்ரூவை இளக்கிப் பாருங்கள். சூடான சைலன்சரில் சிந்தாமல் ஒரு டப்பாவில் பிடியுங்கள். பெற்றோல் நிற்காமல் ஓடி வந்தால் கொயில், பிளக் என்று கரண்ட் பக்கம் தேடலாம். சொட்டி நின்றுவிட்டால் பெற்றோல் இறங்கவில்லை. பிளக்கைக் கழற்றினாலும் காட்டிக்கொடுக்கும். ஈரமென்றால் பெற்றோல் வருகிறது, காய்ந்திருந்தால் வரவில்லை.

சாம்பல்தீவான்:
இன்று காலை செய்து பார்த்தேன். கொஞ்சம் வந்தது, பிறகு சொட்டுச் சொட்டாகி நின்றுவிட்டது. ஆனால் டேங்கில் நிறையப் பெற்றோல் இருக்கிறது.

மட்டிக்களி மைனர்:
அடியில் தண்ணீர் நின்று மறிக்கிறது. எழுதி வையுங்கள்.

பழைய ஸ்பானர்:
டேங்குக்கு அடியில் பெற்றோல் திறக்கிற ராப்பில் இருக்கிற சல்லடை அடைப்பு. சேர்விஸ் செய்கிறவன் அதைத்தான் முதலில் கழற்றுவான்.

கிண்ணியா நானா:
தம்பி, இரண்டு கேள்வி. சேர்விஸ் முடிய டேங்க் நிரப்பினீங்களா? ஒவ்வொரு தரமும் ஒரே இடத்திலா நிற்குது?

சாம்பல்தீவான்:
ஓம் நானா, ஃபுல் அடித்தேன். முதல் நாள்தான் மயானத்தடியில் நின்றது. நேற்று இரவு அண்ணாவின் பைக்குக்கு 3 லீற்றர் எடுத்துக் கொடுத்தேன். இன்று காலை டவுன் மணிக்கூட்டுக் கோபுரம் வரை போய்த்தான் நின்றது. சல்லடை அடைப்பு என்றால் பெற்றோல் குறையக் குறைய மோசமாக வேண்டுமே, இது கூடத் தூரம் ஓடுகிறது. அதுதான் குழப்பம்.

கிண்ணியா நானா:
குழப்பமில்லை, அதில்தான் விடை இருக்குது.
நாங்க கடலுக்குப் போற படகு எஞ்சினுக்குத் தனியாக ஒரு பெற்றோல் டேங்க். அதன் மூடியில் காற்று போக ஒரு சின்ன ஸ்க்ரூ. கரைக்கு வந்ததும் அதை இறுக்கிவிடுவோம். அடுத்த நாள் விடிய அதை இளக்க மறந்தால் எஞ்சின் அழகாக ஸ்ராட் ஆகும், கரையை விட்டுக் கொஞ்சம் போனதும் அடைக்கும். புதுசாக வாற பொடியன்மார் எல்லாருக்கும் ஒரு தரம் இது நடக்கும். எனக்கு இரண்டு தரம் நடந்தது.
உங்க பைக் மூடியிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு காற்று வழி இருக்குது. பெற்றோல் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று வரவேணும். வராவிட்டால் உள்ளே வெற்றிடம் பிடிச்சு, பெற்றோலைக் கீழே விடாமல் மேலே இழுத்து வச்சுக்கொள்ளும். ஃபுல் டேங்கில் மேலே இருக்கிற காற்று கொஞ்சம்தான், அதனால் சீக்கிரம் பிடிக்கும். 3 லீற்றர் எடுத்ததும் காற்றுக்கு இடம் கூடினது, அதுதான் டவுன் வரை ஓடினது. நிப்பாட்டி வச்சால் எங்கேயோ இடுக்கால் மெல்ல மெல்லக் காற்று உள்ளே போய் பிறகும் ஸ்ராட் ஆகுது.
அடுத்த முறை நின்றதும் ஒன்றையும் தொடாதீங்க. சாவியைப் போட்டு டேங்க் மூடியை மட்டும் திறந்து காது கொடுங்க. ஸ்ஸ் என்று சத்தம் வந்து, உடனே ஸ்ராட் ஆனால் மூடிதான். பக்கத்தில் யாரும் சிகரெட் பத்தாமல் பார்த்துக்கொள்ளுங்க. மூடியில் என்ன செய்தீங்க?

கனடாவில் ஒரு திருமலையான்:
அருமையான விளக்கம் நானா. ஆனாலும் கொயிலையும் ஒரு தரம் பார்க்கலாம்.

பாலையூற்றுப் பெடியன்:
வேஸ்ட் ஒயில் பற்றி ஸ்பானர் அண்ணா இன்னும் பதில் சொல்லவில்லை.

பழைய ஸ்பானர்:
சொன்னேன். நீங்கள்தான் வாசிக்கவில்லை. 2022-இல் பெற்றோல் வரிசையில் பகல் இரவாக பைக்கை உருட்டிக்கொண்டு நின்றவர்களிடம் போய்க் கேளுங்கள், அப்போது கியர் ஒயில் என்ன விலை விற்றதென்று.

பாலையூற்றுப் பெடியன்:
விலைக்கும் மணலுக்கும் என்ன அண்ணா சம்பந்தம்?

சாம்பல்தீவான்:
நானா சொன்னதுதான். அலஸ் தோட்டம் தாண்டி நின்றது, திறந்ததும் ஸ்ஸ் என்று நீளமாக இழுத்தது, ஒரே தட்டில் ஸ்ராட். மழைத் தண்ணீர் உள்ளே போகாமல் இருக்க மூடி ரப்பரைச் சுற்றிக் கட்டியாக கிறீஸ் பூசியிருந்தேன். அதை சேர்விஸ் என்று நினைக்கவில்லை, எழுதவில்லை. துடைத்துவிட்டு நிலாவெளி போய் வந்தேன், நிற்கவில்லை. நன்றி எல்லாருக்கும்.

மட்டிக்களி மைனர்:
பார்த்தீர்களா? மூலகாரணம் தண்ணீர்தான். முதல் ஆளாகச் சொன்னது நான்.

பழைய ஸ்பானர்:
மூடியாக இருக்கலாம் என்று எனக்கும் மனதில் பட்டது. எழுதவில்லை, அவ்வளவுதான்.

ஸ்கூட்டி அக்கா:
மற்றப் பிளக்கையும் மறக்காமல் மாற்றுங்கள்.

கிண்ணியா நானா:
சந்தோஷம் தம்பி. ஆனால் துடைச்சதோடு விடாதீங்க, ரப்பருக்குக் கீழே அந்தக் காற்று வழிக்குள்ளும் கிறீஸ் போயிருக்கும். அதைவிட முக்கியம், மூடியடியில் தேங்குற மழைத் தண்ணீர் வெளியே வடிய ஒரு மெல்லிய குழாய் கீழே போகும். அது மணலோ சேறோ பிடிச்சு அடைச்சிருந்தால் தண்ணீர் தேங்கி டேங்குக்குள்தான் இறங்கும். உங்களுக்குத் தண்ணீர் போயிருந்தால் அது அதனாலதான் என்று நினைக்கிறேன். மூடியைத் திறந்து, குழி ஓரத்தில் இருக்கிற ஓட்டையில் ஒரு கரண்டித் தண்ணீர் விட்டுப் பாருங்க, டேங்குக்குள் போகாமல் கவனம். கீழே நிலத்தில் சொட்டுதா?

கிண்ணியா நானா:
தம்பி, பார்த்தீங்களா?

பாலையூற்றுப் பெடியன்:
அவர் நிலாவெளிப் பக்கம் ஓடிக்கொண்டிருப்பார் நானா. வேஸ்ட் ஒயில் செயினோடு.

பழைய ஸ்பானர்:
ஓடட்டும். துருப்பிடிக்காது.