ஒளியையே விழுங்கும் கருந்துளையைச் சுற்றி வெளிச்சம் எப்படி?

பட்டறைக்காரர், கணபதி:
வணக்கமுங்க. கோவை கணபதியில் இரண்டு லேத் வைத்துப் பட்டறை நடத்துகிறேன். 2019 ஏப்ரலில் எம்87 என்ற விண்மீன் மண்டலத்தின் நடுவிலுள்ள கருந்துளையின் படம் பேப்பரில் வந்ததும் வெட்டி, லேத்துக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டினேன். எண்ணெய்க் கை பட்டு ஓரமெல்லாம் கறுத்துவிட்டது, ஆனாலும் எடுக்க மனமில்லை. பத்தாவது படிக்கிற மகள் நேற்று கேட்கிறாள்: "ஒளியே தப்ப முடியாதென்றால் இந்த ஆரஞ்சு வளையம் எதுப்பா?" பதில் சொல்லத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்க.

இயற்பியல் வாத்தியார், கோபி:
அது உள்ளேயிருந்து வருவதில்லைங்க. விழுவதற்கு முன்னால் சுற்றிச் சுற்றி வரும் வாயுவின் வெளிச்சம். கிரீஸ் வற்றின பேரிங்கைத் தொட்டிருப்பீர்களே, கை சுட்டுவிடும். இங்கேயும் அப்படித்தான். உள்சுற்று வேகம், வெளிச்சுற்று மெதுவு. நடுவில் காந்தப்புலம் இரண்டையும் பிடித்து இழுக்க, வாயு சூடேறுகிறது. சூரியனில் ஹைட்ரஜன் ஹீலியமாகும்போது அதன் நிறையில் 0.7 சதவீதம்தான் ஆற்றலாகிறது. நல்ல இரை கிடைத்த கருந்துளையைச் சுற்றும் வாயுத் தட்டில் 6 சதவீதம் ஆகும், துளை வேகமாகச் சுழன்றால் 40 வரைகூடப் போகும். விழுவதில் இவ்வளவு ஆற்றல் இருப்பது எனக்கு இன்றைக்கும் பிரமிப்புதான்.

மேட்டுப்பாளையத்திலிருந்து:
அண்ணா, ஒன்று சேர்க்கிறேன். அந்த ஆரஞ்சு, படம் செய்தவர்கள் பூசிய நிறம். பிடித்தது 1.3 மில்லிமீட்டர் ரேடியோ அலை. அதுவும் வெறும் சூட்டில் வருவதல்ல. கிட்டத்தட்ட ஒளியின் வேகத்தில் ஓடும் எலக்ட்ரான்கள் காந்தக் கோடுகளைச் சுற்றிச் சுருண்டு போகும்போது விடுவது. சின்குரோட்ரான் கதிர்வீச்சு என்பார்கள். எம்87-லிருந்து பல ஆயிரம் ஒளியாண்டு நீளத்துக்குப் பீய்ச்சும் தாரையும் இப்படித்தான் ஒளிர்கிறது. 1918-லேயே ஹீபர் கர்ட்டிஸ் என்ற வானியலாளர் அதை நேர்கோடாகப் பார்த்துக் குறித்துவைத்தார். ஒரு பக்கம்தான் எடுப்பாகத் தெரியும்: நம்மை நோக்கி வருவது வெளிச்சம் கூடித் தெரியும், விலகிப் போவது மங்கிவிடும்.
பாப்பாவை ஊட்டிக்குக் கூட்டிப் போனால் முத்தோரைப் பக்கம் ஒரு நடை போய்வாருங்கள். மலைச்சரிவில் 530 மீட்டர் நீளத்துக்கு ரேடியோ தொலைநோக்கி படுத்திருக்கும். 1970-லிருந்து இந்த மாதிரி ரேடியோ மூலங்களைப் பார்த்துவருகிறது.

பட்டறைக்காரர், கணபதி:
ரொம்ப நன்றிங்க வாத்தியாரே, நன்றிங்க அம்மணி. மகளுக்கு இரண்டையும் படித்துக் காட்டினேன். கடைசிப் பதிலைக் கேட்டதும் எழுந்துபோய்ப் படத்தின் மேல் விரலை வைத்தாள். வளையத்தின் கீழ்ப்பாதி மேல்பாதியைவிடப் பளிச்சென்று இருக்கிறது. "அப்போ இந்தப் பக்கத்து வாயு நம்மைப் பார்த்து வருதாப்பா?"

இயற்பியல் வாத்தியார், கோபி:
ஆமாங்க. அதேதான்.