மிகையளவு டயர், சுமை வகுப்பு, தேய்வுதாங்கு எண்: பிக்கப் கையேட்டுச் சொற்கள் குறித்து

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

வட அமெரிக்காவில் பிக்கப் (பின்னால் திறந்த சரக்குத் தட்டு உள்ள வண்டி) வைத்திருக்கும் தமிழர்களுக்காக நாம் தொகுத்துவரும் கையேட்டில், வண்டியோடு வந்த டயரைக் கழற்றிவிட்டுப் பெரிய டயர் போடுவது பற்றிய இயலின் சொற்பட்டியலைப் படித்தேன். 'டயர்' என்ற சொல்லுக்கே மாற்று வேண்டும் என்று எழுந்த கருத்தில் எனக்கு உடன்பாடில்லை. கடைக்காரரும் வாங்குபவரும் குழப்பமின்றிப் புழங்கும் சொல்லை நாம் தொட வேண்டியதில்லை. எந்தச் சொல்லைத் தவறாகப் புரிந்துகொண்டால் வாங்குபவரின் கைப்பணம் வீணாகுமோ, அங்கேதான் நம் உழைப்பு தேவை.

பட்டியலில் உள்ள 'பேருருளி', 'பேரளவு டயர்' ஆகிய இரண்டும் டயரின் பருமனை மட்டுமே சொல்கின்றன. பெரியது என்றால் எதைவிடப் பெரியது என்பதே இங்கே கேள்வி. ஃபோர்டு எஃப்-150 வண்டிகள் பலவற்றில் ஆலையிலிருந்தே வரும் அளவு 265/70 ஆர் 17. அகலம் 265 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அதில் 70 விழுக்காடு, ரிம்மின் விட்டம் 17 அங்குலம். கணக்கிட்டால் முழு விட்டம் ஏறத்தாழ 803 மில்லிமீட்டர் வரும். அதே ரிம்மில் 285/70 ஆர் 17 போட்டால் விட்டம் 831 மில்லிமீட்டர் ஆகிவிடும். கடைகளில் இதைத்தான் '33 அங்குல டயர்' என்கிறார்கள். ஆனால் ராம் நிறுவனத்தின் பவர் வேகன் பிக்கப்கள் பல, ஆலையிலிருந்து வெளிவந்தபோதே இந்த 285/70 ஆர் 17 அளவோடுதான் வந்தன. ஒரு வண்டிக்கு இயல்பான டயர் இன்னொரு வண்டிக்கு வரம்பு மீறியதாகிறது என்பதால், அந்த ஒப்பீட்டைத் தாங்கும் 'மிகையளவு டயர்' என்ற சொல்லையும், அதற்கு எதிர்ச்சொல்லாக 'ஆலையளவு' என்பதையும் முன்மொழிகிறேன். 'மிகை' என்பதில் 'வேண்டாதது' என்ற சாயல் தொனிக்கிறது என்று ஓர் அன்பர் தயங்கியிருந்தார். அந்தச் சாயல் இங்கே இருப்பது நல்லது என்றே கருதுகிறேன். மேற்சொன்ன மாற்றத்தில் வண்டி 14 மில்லிமீட்டர்தான் உயர்கிறது. ஆனால் வேகமானி 100 காட்டும்போது வண்டி 103-க்கும் மேல் ஓடிக்கொண்டிருக்கும், கனத்த டயரைச் சுழற்றவும் நிறுத்தவும் எஞ்சினும் பிரேக்கும் கூடுதலாக உழைக்கும், ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்தால் டயர் மட்கார்டின் உட்புறத்தில் உரசவும் கூடும். ஓடிய தூரத்தைக் காட்டும் மானியும் குறைத்தே காட்டும் என்பதால், 50,000 மைல் தாங்கியது என்று உரிமையாளர் நினைக்கும் டயர் உண்மையில் 51,700 மைலுக்கு மேல் ஓடியிருக்கும். உத்தரவாதக் கணக்கில் இது அவருக்குச் சாதகமே என்பது வேறு.

அடுத்தது 'சுமை வீச்சு'. இந்தச் சொல்லை நீக்கிவிடுமாறு வேண்டுகிறேன். ஆங்கில மூலத்தில் 'லோடு ரேஞ்ச்' என்று வீச்சைக் குறிக்கும் சொல் இருக்கிறது என்பதற்காகத் தமிழிலும் வீச்சு வேண்டும் என்பதில்லை. பக்கச்சுவரில் சி, டி, ஈ என்று பொறிக்கப்படுவது ஒரு வகுப்பு. பொதுவாக பிக்கப் டயர்களில் சி வகுப்பு 50, டி வகுப்பு 65, ஈ வகுப்பு 80 பவுண்டு அழுத்தம் வரை காற்றுப் பிடிக்கும். அழுத்தம் கூடக் கூடத் தாங்கும் சுமையும் கூடும். ஆகவே 'சுமை வகுப்பு' போதும்.

இதோடு ஒட்டிக்கொண்டு வரும் 'பிளை' என்பதில்தான் உண்மையான ஆபத்து இருக்கிறது. நம் ஊர் லாரிக்காரர்கள் '16 பிளை டயர்' என்பதைப் போல அங்கே ஈ வகுப்பை '10 பிளை' என்கிறார்கள். பட்டியலில் இதற்கு 'அடுக்கு எண்ணிக்கை' என்று தரப்பட்டிருக்கிறது. டயரைக் குறுக்கே அறுத்துப் பார்த்தால் 10 அடுக்குகள் இருக்காது. பக்கச்சுவரில் பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று பாலியெஸ்டர் அடுக்குகளே இருக்கும். பருத்தி நூலால் அடுக்குகள் நெய்யப்பட்ட காலத்தில் 10 அடுக்குகள் தந்த வலிமையை இது தரும் என்பதே அந்த எண்ணின் பொருள். எனவே 'ஈடடுக்கு எண்' என்று வைக்கலாம். 10 அடுக்குகளுக்கு ஈடானது என்பது சொல்லிலேயே விளங்கும். மேலும், இந்த எண் கூடினால் டயர் நீண்ட நாள் உழைக்கும் என்று பலர் நம்பிவிடுகிறார்கள். அது சுமைக்கும் கூர்ங்கல் கிழிக்காமல் இருப்பதற்கும் உதவுமே தவிர, தேய்மானத்துக்கும் அதற்கும் நேரடித் தொடர்பில்லை. பெரும்பாலும் வெறும் வண்டியாக அலுவலகத்துக்குப் போய்வருபவர் ஈ வகுப்பை வாங்கினால் கிடைப்பது கடினமான ஓட்டமும் கூடுதல் எடையும்தான்.

'டிரெட்வேர்' எண்ணுக்குப் பட்டியலில் உள்ள 'தேய்மான எண்' என்ற சொல் நேர் எதிர்ப்பொருளைத் தந்துவிடும். அமெரிக்கக் கார் டயர்களின் பக்கச்சுவரில் 300, 600 என்று பொறிக்கப்படும் இந்த எண், தேர்வு மதிப்பெண்ணைப் போலக் கூடக் கூட நல்லது. 600 பெற்ற டயர், 100 என்று வைக்கப்பட்ட ஒப்பீட்டு டயரின் ஆறில் ஒரு பங்கு வேகத்தில்தான் தேயும். டெக்சஸ் மாநிலத்தின் சான் ஆஞ்சலோவைச் சுற்றியுள்ள 400 மைல் பாதையில் மொத்தம் 7,200 மைல் ஓட்டிப் பார்த்து இதைக் கணிக்கிறார்கள். 'தேய்மான எண் 600' என்று தமிழில் படிப்பவர் அந்த டயரை விட்டு விலகி 300-ஐ வாங்கிவிடுவார். 'தேய்வுதாங்கு எண்' என்றால் இந்த விபரீதம் நேராது. ஆனால் இந்த விதி கார் டயர்களுக்கு மட்டுமே உரியது. அளவுக்கு முன்னால் எல்டி என்று பொறிக்கப்பட்ட இலகு லாரி டயர்களில் இந்த எண் இருக்காது. மிகையளவில் கிடைப்பவற்றுள் பெரும்பாலானவை எல்டி வகையே என்பதால், அவற்றை வாங்குபவர் பார்க்க வேண்டியது நிறுவனம் தரும் மைல் உத்தரவாதத்தையும் பட்டனின் (டயரில் சாலையைத் தொடும் மேடுகளின்) ஆழத்தையுமே என்ற ஒரு வரி சொல்லோடு சேர்ந்து வர வேண்டும்.

பட்டன் என்று நான் எழுதியது தற்செயலானதன்று. 'பட்டனே இல்லை, டயரை மாற்றுங்கள்' என்று எந்தப் பஞ்சர் கடையிலும் கேட்கலாம். அதை விட்டுவிட்டு 'மிதிபரப்பு' என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. பட்டன்களுக்கு இடையே உள்ள அகன்ற பள்ளத்துக்குக் 'காடி', பட்டனின் மேலேயே கத்தியால் கீறியது போன்ற மெல்லிய வெட்டுக்குக் 'கீற்று' என்ற பரிந்துரைகள் அருமை. நெடுஞ்சாலை டயர், பல்தரை டயர் (பலவகைத் தரைக்கும் உரியது), சேற்று டயர் என்ற பகுப்பும் அப்படியே இருக்கட்டும். சேற்று டயரின் காடிகள் அகன்றிருப்பதால் தார்ச்சாலையில் அது விரைவில் தேயும் என்பதை மட்டும் சேர்த்துக்கொள்ளலாம்.

'காற்றழுத்தம்' என்ற பதிவின் கீழ் ஓர் எடுத்துக்காட்டு தேவை. கதவோரத் தகட்டில் அச்சிட்ட அழுத்தம் ஆலையளவு டயருக்கானது. மிகையளவுக்கு மாறியவர் டயர் நிறுவனத்தின் சுமை அட்டவணையைப் பார்த்து அழுத்தத்தை வைத்த பிறகு, பட்டன்மேல் குறுக்காகச் சுண்ணக்கட்டியால் தடித்த கோடு போட்டு, சமதளத்தில் நேராகச் சிறிது தூரம் ஓட்டிப் பார்க்கலாம். கோட்டின் நடுப்பகுதி மட்டும் அழிந்தால் காற்று அதிகம். இரு ஓரங்கள் மட்டும் அழிந்தால் காற்று குறைவு. டயரின் ஆயுளை இந்தக் கோடு காப்பாற்றும் அளவுக்கு விலை காப்பாற்றாது.

இறுதியாக, 5,000 முதல் 7,500 மைலுக்கு ஒருமுறை டயர்களை இடம் மாற்றிப் பொருத்துவதைச் 'சுழற்சி' என்று எழுதினால் சக்கரம் சுழல்வதோடு குழம்பும். 'இடமாற்று' என்று எழுதலாம். மிகையளவுக்குப் போகிறவர் ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்தாக வாங்க வேண்டும். நாலு சக்கர இயக்கத்தில் ஒரு சக்கரத்தின் விட்டம் மட்டும் குறைந்தால் டிஃபரன்ஷியல் (சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துத் தரும் பற்சக்கரத் தொகுதி) கெட்டுவிடக்கூடும். ஐந்தையும் வரிசையாக இடமாற்றினால் எல்லாம் ஒரே சீராகத் தேயும். இந்த ஐந்தாவதற்குப் பட்டியலில் உள்ள 'மாற்று டயர்', புதிதாக மாற்றிப் போடும் டயரையும் குறிக்கும் என்பதால் 'ஸ்டெப்னி' என்றே விட்டுவிடலாம் என்பது என் கருத்து. இலங்கை அன்பர்களுக்கு இந்தச் சொல் அயலாகத் தோன்றினால், தங்கள் கராஜ்களில் வழங்கும் சொல்லை இயல் அச்சுக்கோப்புக்குப் போகுமுன் தெரிவிக்குமாறு வேண்டுகிறேன்.