எடை கூடிய பிறகு கணவர் விலகுவது அக்கறையா, வெட்கமா?

கேள்வி (கொழிஞ்சாம்பாறை வாசகி):
இரண்டாவது பிரசவத்துக்குப் பின் எடை கூடியதிலிருந்து, என் கணவர் பாலக்காட்டில் நடக்கும் உறவினர் திருமணங்களுக்கு என்னை அழைத்துச் செல்வதைத் தவிர்க்கிறார். வீட்டில் அன்பாகவே இருந்தாலும், "உன் உடல்நலத்துக்காகச் சொல்கிறேன்" என்று என் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடியே பேசுகிறார். இதை எப்படிப் புரிந்துகொள்வது?

பதில் (செங்கோட்டை வாசகர்):
சகோதரி, உடல்நலம்தான் காரணமென்றால் அதை அளந்து பார்த்துவிடலாம். ஆசிய மக்களுக்கு உடல் நிறை குறியீடு (BMI; கிலோகிராம் எடையை மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்த எண்) 23ஐ எட்டும்போதே நீரிழிவு போன்ற நோய்களின் அபாயம் கூடுவதைக் கவனிக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 2004ஆம் ஆண்டில் பரிந்துரைத்தது. தெற்காசியப் பெண்களின் வயிற்றுச் சுற்றளவு 80 சென்டிமீட்டருக்குள் இருப்பது நல்லது. பிரசவத்துக்குப் பின் தைராய்டு சுரப்பு குறைந்தாலும் எடை கூடலாம் என்பதால், இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

பதில் (கம்பம் வாசகி):
அண்ணன் சொன்ன பரிசோதனை தேவைதான். ஆனால் அக்கா கேட்டது அதுவல்லவே! உடல்நலத்தில் அக்கறை கொண்டவர் விடியற்காலையில் உங்களுடன் நடக்க வருவார், உறவினர் கண்ணில் படாமல் உங்களை வீட்டில் விட்டுச் செல்லமாட்டார். (அவருடைய தொப்பையைப் பற்றி யாரும் பேசியிருக்கமாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.) தயக்கத்தின் காரணத்தை அவரிடமே நேராகக் கேளுங்கள்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. அடுத்த வாரம் கொல்லங்கோட்டில் ஒரு நிச்சயதார்த்தம் இருக்கிறது; அதற்கு முன்பே கேட்டுவிடுகிறேன்.