உதவி: கடைசி இரண்டு சுவிட்ச் பாதியில் நிற்கிறது (அவசரம்)

பெட்டி_ஒன்பது: நண்பர்களே, என் மாடல் ரயில் லேஅவுட்டில் மொத்தம் ஆறு சுவிட்ச். நாலு நன்றாக மாறுகிறது. கடைசி இரண்டு 'டக்' என்று சத்தம் போட்டுவிட்டுப் பாதியிலேயே நிற்கிறது. சில சமயம் ஒன்று போகும், இன்னொன்று அசையாது. நேற்று இதனாலேயே எஞ்சின் தடம் புரண்டது. மோட்டார் புதுசு. ஒயரிங் பார்த்துவிட்டேன், சரியாகத்தான் இருக்கிறது. நாளை மாலை ரயில் பார்க்க ஆட்கள் வருகிறார்கள். சீக்கிரம் சொல்லுங்கள்.

கூட்ஸ்வண்டி: எந்த சுவிட்ச்? பேனலில் நீங்கள் அழுத்துவதா, தண்டவாளத்தில் நகர்வதா?

பெட்டி_ஒன்பது: தண்டவாளத்தில்தான், வண்டியைத் தடம் மாற்றிவிடுவது.

சாலிடர்_புகை: என்ன மோட்டார்? 'டக்' என்றால் காயில் (கம்பிச்சுருள் காந்தமாகி ஒரே அடியில் தள்ளும் வகை) என்று நினைக்கிறேன், ஆனால் நீங்களே சொல்லுங்கள். மின்சாரம் எங்கிருந்து, எத்தனை வோல்ட்? நடுவில் சிடியு, அதாவது கப்பாசிட்டரில் மின்சாரத்தைச் சேர்த்துவைத்து ஒரே அடியாகக் கொடுக்கும் சர்க்யூட், இருக்கிறதா? மோட்டாருக்கும் பேனலுக்கும் எவ்வளவு தூரம்? இதெல்லாம் தெரியாமல் சொல்வது ஜோசியம்.

ஜல்லி_பிரியன்: ஜோசியமே சொல்கிறேன். ஜல்லி ஒட்டிய பசைதான் காரணம். தண்ணீர் கலந்த பசை, பிளேடுகளை (சுவிட்சில் நகரும் தண்டவாளத் துண்டுகளை) இணைக்கும் கட்டைக்கு அடியில் ஓடிப்போய்க் காய்ந்திருக்கும். எனக்கு மூன்று முறை நடந்தது. மோட்டாரைக் கழற்றிவிட்டு விரலால் தள்ளிப் பாருங்கள். வெண்ணெய் மாதிரி போக வேண்டும்.

பெரிய_ஜங்ஷன்: இங்கே இது எத்தனையாவது முறை? கொஞ்சம் தேடினாலே கிடைக்கும், ஆனால் இப்போது யாரும் தேடுவதில்லை. சரி, சொல்கிறேன். பிளேடுகளுக்கு நடுவில் ஒரு குட்டி ஸ்பிரிங் இருக்கும். அதைக் கழற்றாமல் மோட்டார் பொருத்துவது புதியவர்களின் வழக்கமான தவறு. கழற்றுங்கள், வேலை முடிந்தது. நான் டார்டாய்ஸ் மோட்டார் போட்ட ஒவ்வொரு தடத்திலும் இதைத்தான் செய்தேன்.

சாலிடர்_புகை: சார், டார்டாய்ஸ் வேறு. அது மெதுவாக நகர்ந்து, முட்டிய பிறகும் சில மில்லி ஆம்பியர் எடுத்துக்கொண்டு பிளேடை அழுத்திப் பிடித்திருக்கும். அதற்கு ஸ்பிரிங் இடைஞ்சல். காயில் ஒரு கணம் அடித்துவிட்டு ஓய்ந்துவிடும், அதற்கப்புறம் பிளேடைப் பிடித்துவைப்பதே அந்த ஸ்பிரிங்தான். பெட்டி_ஒன்பது, எதையும் கழற்ற வேண்டாம்.

பெரிய_ஜங்ஷன்: தம்பி, நான் லேஅவுட் கட்ட ஆரம்பித்தபோது காயிலைத் தவிர வேறு எதுவுமே கிடையாது. எனக்குச் சொல்லித்தர வேண்டாம்.

சர்வோ_சாமி: இந்தக் காலத்தில் காயில் எதற்கு? 5 வோல்ட் சர்வோ (சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் குட்டி மோட்டார்) ஒன்று, சின்ன கன்ட்ரோலர் ஒன்று. நிஜ ரயில் மாதிரி மெல்ல நகரும்.

கூட்ஸ்வண்டி: கரண்ட் போட்டவுடன் நடுங்குமே, அதையும் சொல்லுங்கள். என் சர்வோ ஒன்று ராத்திரி முழுக்க 'கிர்ர்' என்று முனகும்.

சர்வோ_சாமி: சிக்னல் ஒயரை டிராக் ஒயரோடு சேர்த்துக் கட்டியிருப்பீர்கள். அது சர்வோவின் குற்றமா?

கூட்ஸ்வண்டி: தனியாகத்தான் கட்டியிருக்கிறேன்.

ஜல்லி_பிரியன்: அது கிடக்கட்டும், இதை 'பாயிண்ட்' என்று சொன்னால் முதல் கேள்வியே வந்திருக்காது. பேனலில் இருப்பதும் சுவிட்ச், தண்டவாளத்தில் இருப்பதும் சுவிட்ச் என்றால் எப்படி?

பெரிய_ஜங்ஷன்: பாயிண்ட் பிரிட்டிஷ் வழக்கு. அமெரிக்காவில் சுவிட்ச், மாடல்காரர்களிடம் டர்ன்அவுட். இரண்டும் சரி.

ஜல்லி_பிரியன்: சரி தப்பு பேசவில்லை. குழப்பம் வருகிறது என்றுதான் சொன்னேன்.

பெட்டி_ஒன்பது: மன்னிக்கவும், வேலையில் இருந்தேன். காயில் மோட்டார்தான். 16 வோல்ட் ஏசி, சிடியு இருக்கிறது, அதன் கப்பாசிட்டர் மேலே 2200 மைக்ரோஃபாரட் என்று போட்டிருக்கிறது. தூரம் 5 மீட்டர் இருக்கும். வீட்டில் மிச்சமிருந்த டெலிபோன் ஒயர் போட்டேன். அப்புறம், சொல்ல மறந்துவிட்டேன், அந்த இரண்டுக்கும் ஒரே பட்டன். பக்கத்துப் பக்கத்துத் தடங்களை இணைக்கிற இடம், இரண்டும் சேர்ந்து மாற வேண்டும்.

சாலிடர்_புகை: இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! ஒரு காயில் சுமார் 4 ஓம் என்று வையுங்கள். இரண்டு இணையாகப் போனால் 2 ஓம். அரை மில்லிமீட்டர் டெலிபோன் கம்பி, போக 5 மீட்டர், வர 5 மீட்டர், அதிலேயே ஏறக்குறைய 0.9 ஓம். அதாவது அடியில் மூன்றில் ஒரு பங்கு கம்பியைச் சூடாக்கவே போய்விடுகிறது. மிச்சத்தை இரண்டு மோட்டார் பங்கு போட்டால் எது லேசாக நகருமோ அது மட்டும் போகும். ஒரு சோதனை செய்யுங்கள்: சிடியுவைக் கையில் எடுத்துக்கொண்டு மோட்டார் பக்கத்திலேயே அரை மீட்டர் கம்பியில் கொடுத்துப் பாருங்கள். பளிச்சென்று மாறினால் ஒயர்தான் குற்றவாளி. 0.5 சதுர மில்லிமீட்டரோ அதற்கு மேலோ போடுங்கள். பொது ரிட்டர்ன் ஒயர் இன்னும் தடிமனாக இருக்கட்டும். அதற்கும் அடங்கவில்லை என்றால் கப்பாசிட்டரை 4700 ஆக்குங்கள், 35 வோல்ட் தாங்குவதாகப் பார்த்து. 16 வோல்ட் ஏசி உச்சத்தில் 22ஐத் தாண்டும், 25 வோல்ட் கப்பாசிட்டர் ரொம்ப நெருக்கம்.

கூட்ஸ்வண்டி: கூடவே பட்டனையும் பாருங்கள். ஒட்டிக்கொண்டால் சிடியு திரும்ப நிரம்பாது, ஆறுமே செத்துவிடும். உங்களுக்கு நாலு ஓடுவதால் அது இல்லை என்று நினைக்கிறேன்.

ஜல்லி_பிரியன்: விரலால் தள்ளிப் பார்த்தீர்களா?

பெட்டி_ஒன்பது: பார்த்தேன், லேசாகத்தான் போகிறது. ரொம்ப லேசாக. ஒன்றில் ஸ்பிரிங்கை நேற்றே கழற்றிவிட்டேன்.

சாலிடர்_புகை: எங்கே வைத்தீர்கள்?

*(மறுநாள்)*

பெரிய_ஜங்ஷன்: என்ன ஆச்சு? பதில் சொல்லிவிட்டுப் போனால் அடுத்தவருக்கு உதவும்.

சர்வோ_சாமி: சர்வோ வாங்கப் போயிருப்பார்.

*(நான்கு நாள் கழித்து)*

பெட்டி_ஒன்பது: ஒயர் மாற்றினேன், இரண்டும் ஒரே அடியில் மாறுகிறது. எல்லாருக்கும் நன்றி. ஒன்று மட்டும் வண்டி மேலே ஏறியதும் பிளேடு தானாக விலகுகிறது. ஸ்பிரிங் கழற்றும்போது தெறித்தது, இன்னும் கிடைக்கவில்லை. இப்போதைக்குத் தீக்குச்சி செருகியிருக்கிறேன்.